கொடியடியிலே தின்னணும் பன்னீர் திராட்சை!

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பந்தலுக்கு அடியில் நின்று, கண்ணெதிரே நறுக்கிய குலையைக் கையில் வாங்கிச் சாப்பிடாதவர்கள் பன்னீர் திராட்சை சாப்பிட்டதாகக் கணக்கே கிடையாது! தள்ளுவண்டியில் கால் கிலோ வாங்கி, புளிப்பென்று முகம் சுளித்து, விதையைத் துப்பிவிட்டு, "இதுக்குப் போய் விலையா?" என்று முனகுகிறோமே, அது வேறு சரக்கு. பெயர் ஒன்றாக இருப்பதால் நம்பி ஏமாறுகிறோம்.

எங்கள் ஊர் கப்பலூர். தியாகராசர் ஆலை, சிட்கோ தொழிற்பேட்டை, டேங்கர் லாரி வரிசை, ஊரறிந்த டோல்கேட் என்று இங்கே மூக்குக்கு எட்டுவதெல்லாம் டீசலும் புழுதியும்தான். இங்கிருந்து மூன்று மணி நேரத்தில், மூக்குக்கு இப்படியொரு விருந்து கிடைக்கும் என்று இத்தனை காலம் யாரும் சொல்லவில்லையே என்றுதான் ஆதங்கம். நாசிக் போய் வந்த நண்பர்கள், 1999-இல் தொடங்கிய சுலா ஒயின் தோட்டத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவார்கள். கோப்பையைச் சுழற்றினோம், முகர்ந்தோம், ஒரு மிடறு வாயில் வைத்து உருட்டினோம் என்பார்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். இனிமேல் இருக்க மாட்டேன்!

அழகர் மலை திரும்பி, சித்திரைத் திருவிழாக் கூட்டம் ஓய்ந்ததும் குடும்பத்தோடு கிளம்பினோம். திருமங்கலம், உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய். கணவாயைத் தாண்டியதும் காற்று மாறுகிறது. தேனி தாண்டி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று போகப் போக இரு பக்கமும் வாழை, தென்னை, நெல். எல்லாம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். மேற்கே ஓடி அரபிக் கடலில் விழவேண்டிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அணை 1895-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பென்னிகுக்கின் படத்தை இந்தப் பக்கத்துக் கடைகளில் சாமி படங்களோடு சேர்த்து மாட்டியிருக்கிறார்கள். இதே தண்ணீர்தான் வைகை அணைக்கு வந்து, எங்கள் பக்கத்துத் திருமங்கலம் கால்வாயிலும் ஓடுகிறது. ஆகவே அந்தத் திராட்சையில் எங்களுக்கும் கொஞ்சம் சொந்தம் உண்டு என்று வண்டியிலேயே முடிவு செய்துகொண்டோம்.

நாங்கள் போனது சுருளிப்பட்டிப் பக்கம், ஒரு குடும்பத்துத் தோட்டம். பெரியவர் கொடிகளைப் பார்த்துக்கொள்கிறார். மகன் வியாபாரம். ஜூஸ் கடையும் கல்லாப்பெட்டியும் மருமகள் கையில். "வாங்க தம்பி. செருப்பு இருக்கட்டும், தலையை மட்டும் குனிஞ்சுக்கங்க" என்றார் பெரியவர். குனிந்து நுழைந்து நிமிர்ந்தால், அடடா!

வெளியே சித்திரை வெயில். உள்ளே பச்சை வெளிச்சம். வரிசை வரிசையாகக் கல்தூண், அதற்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி, அந்தக் கம்பி முழுக்கப் படர்ந்த கொடி. இலைக் கூரையிலிருந்து கருநீலக் குலைகள் ஆயிரக்கணக்கில் தலைக்கு மேலே தொங்குகின்றன. என் நெற்றியில் இடிக்கிறது ஒன்று, காதை உரசுகிறது இன்னொன்று. அண்ணாந்து பார்த்தபடியே நடந்ததில் என் மகள் ஒரு கல்தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஒரு குலையை அருகில் இழுத்துக் காட்டினார் பெரியவர். பழத்தின் மேலே மெல்லிய சாம்பல் பூச்சு. மருந்து என்று நினைத்து நாம் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்க்கிறோமே, அந்தப் பூச்சின் பெரும்பகுதி பழமே தனக்குப் பூசிக்கொண்ட மெழுகு. ஈரம் வற்றாமல் காக்க அது தானாகப் போட்டுக்கொண்ட போர்வை. விரலால் ஒரு கோடு இழுத்தேன். கோட்டுக்குள்ளே தோல் கண்ணாடி மாதிரி மின்னியது. "குலையோட காம்பைப் பிடிச்சுத்தான் நறுக்கணும். பழத்துல கை பட்டா இந்தப் பூச்சு போயிரும், கடையில பழசுன்னு நினைப்பாங்க" என்றார்.

அடுத்து நடந்ததுதான் அசல் ருசிப் பரீட்சை. அதைச் சொல்லும் முன் ஒன்று: இங்கே பழம் எப்போது பழுக்கும் என்பதை முடிவு செய்வது கத்தரிக்கோல். குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கிவிடும். வருஷத்துக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் பனிக்காலம் ஏது? கிளைகளை வெட்டிவிட்டு, அதாவது கவாத்து செய்கிற நாள்தான் கொடிக்குப் புது வருஷம். வெட்டிய குச்சியில் மொட்டு முறிந்து, தளிர் விட்டு, பூத்து, காய்த்து, பழுக்க ஏறத்தாழ 4 மாதம். ஆளுக்கொரு தேதியில் கவாத்து செய்வதால் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் பழம் இருந்துகொண்டே இருக்கும்.

"இந்த வரிசை மாசி பொறந்து வெட்டினது. சாப்பிட்டுப் பாருங்க" என்று முதலில் ஒன்றைக் கொடுத்தார். நிறம் வந்துவிட்டது, ஆனால் பல் கூசுகிற புளிப்பு. எனக்கு நன்றாகப் பழக்கமான புளிப்பு! "கடையில நீங்க வாங்குறது பாதி நேரம் இதுதான். தூரத்துக்குப் போகணும்னு முன்னாடியே வெட்டிருவாங்க" என்றார். மாம்பழம், வாழைப்பழம் போலத் திராட்சை வெட்டிய பிறகு பழுக்காது. கொடியை விட்டுப் பிரிந்த நிமிஷத்தில் எவ்வளவு இனிப்போ, அவ்வளவுதான் கடைசி வரைக்கும்.

அடுத்த வரிசை பொங்கல் கழித்து வெட்டியது. மகன் ஒரு சின்னக் குழல் போன்ற கருவியை எடுத்துவந்தார். அதன் கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இனிப்பின் அளவு தெரியும், பிரிக்ஸ் என்பார்கள். மாசி வரிசை 13. பொங்கல் வரிசை 18! இந்த அளவுச் சர்க்கரையுள்ள சாற்றை நொதிக்கவிட்டால் சுமார் 10 சதவீதம் ஆல்கஹால் உள்ள ஒயினே கிடைக்கும்.

எண்ணை விடுங்கள், வாயில் போட்டதைச் சொல்கிறேன். பல் பட்டதும் தோல் வெடித்தது. முதலில் தேன், அடுத்து மெல்லிய புளிப்பு, எல்லாம் அடங்கிய பிறகு தொண்டைக்குப் பின்னாலிருந்து எழுந்தது ரோஜா! கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து முகத்தில் தெளித்தது போல இருந்தது. இது கற்பனை இல்லை. ரோஜா மணத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்று ஜெரானியால். பன்னீர் திராட்சை உட்பட மஸ்கட் வகைத் திராட்சைகளில் அதே பொருள் இருக்கிறது, அதிலும் தோலை ஒட்டி நிறைய இருக்கிறது. அதனால்தான் பெரியவர், "தோலைத் துப்பாதீங்க தம்பி, வாசனையே அதுலதான்" என்று அதட்டினார். அந்த அதட்டலுக்கே ஒரு கும்பிடு!

இந்தப் பழத்தின் குலம் கோத்திரம் தெரியுமா? தாவர நூல்களில் இதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் இனக்கலப்பு செய்து எடுத்த ரகம். பெற்றோரில் ஒன்று பழம்பெரும் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. மற்றது பிளாக் ஹாம்பர்க். லண்டன் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்ட அந்த ரகக் கொடி இன்றைக்கும் காய்த்துக்கொண்டிருக்கிறது. பிள்ளை மட்டும் சும்மா இருக்குமா? சீனாவின் தியான்ஜினில், பிரான்ஸின் ரெமி மார்ட்டின் நிறுவனத்தோடு கூட்டாக 1980-இல் தொடங்கிய டைனஸ்டி ஒயின் ஆலை, இதே ரகத்திலிருந்து வெள்ளை ஒயின் எடுத்துப் பேர் வாங்கியது. அங்கே கோப்பையில் ஏறுகிறது. இங்கே கிலோக்கணக்கில் கூவி விற்கிறோம்.

மருமகள் கொடுத்த ஜூஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் வந்து சேரும். தண்ணீர் இல்லை, சர்க்கரை இல்லை, ஐஸ் இல்லை. "ஐஸ் போட்டா வாசனை செத்துப்போகும்ணே" என்றார். நாசிக் நண்பர்கள் சொன்னபடியே கண்ணாடி டம்ளரைச் சுழற்றினேன், முகர்ந்தேன், ஒரு மிடறு உருட்டினேன். அத்தனை வித்தையும் இதற்கும் பொருந்துகிறது! அடுத்து உலர்ந்த திராட்சை வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க, ஓடைப்பட்டிப் பக்கத்து விதையில்லாத பச்சைத் திராட்சையும் ஒரு தட்டில் வந்தது. அதுவும் நல்ல இனிப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் விழுங்கியதும் மறந்துபோகிறது. பன்னீர் திராட்சையோ டம்ளரைக் கழுவி வைத்த பிறகும் விரலில் மணக்கிறது.

2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013-இலேயே கிடைத்துவிட்டது. அந்த மல்லியை மொட்டாக இருக்கும்போதே பறித்து, மலர்வதற்குள் கூந்தலில் சேர்க்கத் தெரிந்த மதுரைக்காரர்கள் நாம். இந்தப் பழத்துக்கும் ஒரு பொழுது இருக்கிறது என்று புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? குமுளி வழியாகக் கேரளத்துக்குப் பெட்டி பெட்டியாகப் போகிறது. பக்கத்தில் இருக்கிற நாம் போய்ப் பார்ப்பதில்லை!

ஆகவே கிளம்புங்கள். மதுரையில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் கம்பத்தில் இறங்கலாம். சுருளி அருவிக்குப் போகிற சாலையிலேயே தோட்டங்கள் இருக்கின்றன. வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம், தண்ணீர் ஏறிப் பழம் வெடித்திருக்கும். எந்த வரிசை எப்போது கவாத்து செய்தது என்று கேளுங்கள், 4 மாதம் ஆன வரிசைக்குக் கீழே போய் நில்லுங்கள். அனுமதி கேட்டு, தோலோடும் விதையோடும் மென்று தின்னுங்கள். கிலோ கிலோவாக வாங்கி வந்து அக்கம்பக்கத்தில் கொடுங்கள். ஒன்றே ஒன்று: பெரியவர் குலையை நறுக்கி நீட்டும்போது, "ஐயா, விதையில்லாதது இருக்கா?" என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்!