ஆடையைப் பற்றிய அபிப்பிராயம்: குணமும் குற்றமும்

ஆண்டுதோறும் மே மாதத்து முதல் திங்கட்கிழமையன்று நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் நடைபெறும் மெட் காலா விருந்திலும், அடுத்துவரும் வாரங்களில் பிரான்ஸ் தேசத்துக் கான் திரைப்பட விழாவிலும் பிரபலங்கள் தரித்துவரும் கவுன்களைப் பற்றி உலகெங்கும் அபிப்பிராயங்கள் பெருகுகின்றன. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கொல்லயில் போன்ற எங்கள் எல்லைக் கிராமங்களிலும், தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் வீடுகளில், கல்லூரிக்குச் செல்லும் பெண் கைப்பேசியில் அப்படங்களைப் பார்த்து, இது அழகு, இது அலங்கோலம் என்று தயக்கமின்றித் தீர்ப்புச் சொல்கிறாள். இதனை வீண்பொழுது என்று ஒதுக்கும் பெரியோரும் உண்டு. ரசனையின் சுதந்திரம் என்று கொண்டாடும் இளையோரும் உண்டு. இவ்விரண்டில் எதனையும் முழுமையாக ஏற்க என்னால் இயலவில்லை. பிறர் உடுத்திய உடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இப்பழக்கம் எவ்விடத்தில் கலையாகிறது, எவ்விடத்தில் கொடுமையாகிறது என்பதை எல்லைகட்டிச் சொல்ல வேண்டிய கடமை எல்லாருக்கும் உண்டாயினும், தென் திருவிதாங்கூரில் பிறந்தவர்களுக்கு அது சற்று அதிகமாகவே உண்டு என்று கருதுகிறேன்.

முதலில் குணங்களைப் பார்ப்போம். சங்கீதத்தையும் சிற்பத்தையும் பற்றிப் பேச வேண்டுமானால் ஓரளவு பயிற்சி வேண்டும் என்பார்கள். உடையோ மனிதர் யாவரும் நாள்தோறும் பழகும் கலையாதலால், அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் அதிகாரம் யாருடைய அனுமதியையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. இந்தச் சாமானிய அதிகாரம் பெரிய நிறுவனங்களையும் பணியவைக்க வல்லது. 2025 ஜூன் மாதத்தில் இத்தாலியின் மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆண்கள் ஆடை அணிவகுப்பில், நடந்துவந்தவர்களின் கால்களில் கோலாப்பூர்ச் செருப்பை அப்படியே ஒத்த செருப்புகள் காணப்பட்டன. அவற்றின் பிறப்பிடத்தைப் பற்றி நிறுவனம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 2019-லேயே புவிசார் குறியீடு பெற்ற அக்கைத்தொழிலை அடையாளம் கண்டு முதலில் குரல் எழுப்பியவர்களுள் ஆடைக்கலைப் பண்டிதர்களைவிடப் பார்வையாளர்களாகிய சாதாரண இந்தியர்களே மிகுதி. அக்குரல் மராட்டிய வணிகர் சங்கம் வரை சென்று, இந்தியக் கைவினைப் பாரம்பரியத்திலிருந்தே அவ்வடிவம் பெறப்பட்டது என்று அந்த நிறுவனமே எழுத்தில் ஒப்புக்கொள்ளும்படி செய்தது. அபிப்பிராயம் நியாயமாக உழைத்த தருணம் இது.

உடை ஒரு கருத்தைத் தாங்கி வரும்போது, அதைப் படித்துச் சொல்வதற்கும் இப்பழக்கமே உதவுகிறது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த நடிகை கனி குஸ்ருதி, 2024 மே மாதம் பாயல் கபாடியாவின் திரைப்படத்துக்காகக் கான் நகருக்குச் சென்றபோது, வெண்ணிற உடையுடன் தர்ப்பூசணித் துண்டின் வடிவில் அமைந்த சிறு கைப்பையை ஏந்திச் சென்றார்; பாலஸ்தீன மக்களுக்கு ஆதரவாக அவர் அதை ஏந்தினார் என்பதை, உடையலங்காரத்தை உற்றுநோக்கும் கண்களே முதலில் கண்டுகொண்டு உலகுக்கு எடுத்துச் சொல்லின. 1994-இல் ஷாஜி என். கருணின் ‘ஸ்வம்’ கலந்துகொண்டதற்குப் பின், முப்பது ஆண்டுகள் கழித்து கான் விழாவின் பிரதானப் போட்டிக்குத் தேர்வான இந்தியப் படம் அது. இரண்டாம் உயரிய விருதாகிய கிராண்ட் பிரியையும் வென்றது. படத்தின் பெருமையும் உடையின் பொருளும் ஒருங்கே பேசப்பட்டதில் குறையேதும் இல்லை.

மாறுபட்ட அபிப்பிராயங்கள் ஒருங்கே நின்று உண்மையை விளக்குவதும் உண்டு. 1947 பிப்ரவரி 12-ஆம் நாள் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் தம் முதல் தொகுப்பை அரங்கேற்றினார். ஒடுங்கிய இடையும் கணுக்காலை நோக்கி விரிந்த பாவாடையும் கொண்ட அவ்வுடைகளைப் புதுத் தோற்றம் என்று அமெரிக்கப் பத்திரிகாசிரியை கார்மெல் ஸ்நோ வாழ்த்தினார். துணிக்குப் பங்கீடு நிலவிய அந்த நாளில் ஒரு பாவாடைக்குக் கஜக்கணக்கில் துணியைச் செலவிடுவது தகுமா என்று பெண்கள் பலர் வெகுண்டு எதிர்த்தனர். இந்தியாவிலும் துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. ஒரு சாரார் வடிவத்தைக் கண்டார்கள், மறு சாரார் துணியின் அளவைக் கண்டார்கள். உடுத்தியவளின் மேனியைப் பற்றி அல்லாமல் உடையைப் பற்றியே இரு தரப்பும் வாதாடியதனால், அந்த விவாதம் இன்றும் ஆடைச் சரித்திரத்தில் மதிப்புடன் நிற்கிறது.

இனிக் குற்றங்கள். அவற்றுள் தலையாயது, உடையைப் பேசத் தொடங்கி உடலைப் பேசி முடிப்பது. 2011 நவம்பரில் மகளைப் பெற்றெடுத்து அடுத்த மே மாதத்தில் கான் நகருக்குச் சென்ற ஐஸ்வர்யா ராயின் கவுனைப் பற்றிப் பேசப் புகுந்தவர்களில் பலர், துணியையும் தையலையும் மறந்து, மகப்பேற்றுக்குப்பின் அவருடைய சரீரம் பருத்திருந்ததையே பரிகாசம் செய்தார்கள். அது விமரிசனம் அன்று. அபிப்பிராயம் என்ற பெயரைப் போர்த்துக்கொண்ட அவமதிப்பு. இரண்டாவது குற்றம், புகைப்படம் ஒன்றை மாத்திரமே கண்டு தீர்ப்புரைப்பது. நடக்கும்போது துணி எவ்வாறு விழுகிறது, முதுகுப்புறத் தையல் எங்ஙனம் முடிகிறது, அதன் பாரத்தைத் தோள் தாங்குகிறதா இடை தாங்குகிறதா என்பனவற்றை அசையாத முன்தோற்றம் எவ்வாறு காட்டும்? மேடை அணிவகுப்பில் நாற்பது, ஐம்பது உடைகள் ஒரே எண்ணத்தின் படிப்படியான விரிவாக வரும்போது, அவற்றுள் விநோதமான ஒன்றை மட்டும் பறித்தெடுத்து நகைப்பது, ராக ஆலாபனையில் ஒரு சங்கதியை மட்டும் கேட்டுவிட்டுப் பாடகரை எடைபோடுவதை ஒக்கும்.

மூன்றாவது குற்றம், உடுத்தியவரையும் வடிவமைத்தவரையும் புகழ்ந்தோ இகழ்ந்தோ முடித்துவிட்டு, செய்தவரை மறந்துவிடுவது. 2024-ஆம் ஆண்டு மெட் காலாவில் ஆலியா பட் உடுத்திய சப்யசாச்சி சேலையை 163 பேர் 1,965 மணி நேரம் உழைத்து உருவாக்கினர் என்று அவரே சொன்னார். அந்த எண்கள் உலகெங்கும் பரவின. அந்த 163 பேரில் ஒருவருடைய பெயரும் அவ்வாறு பரவவில்லை. அதே விருந்தில் 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் விரிக்கப்பட்ட கம்பளம், எங்கள் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்துச் சேர்த்தலையில், நெய்த்து பை எக்ஸ்ட்ராவீவ் என்னும் நிறுவனத்தார் கற்றாழை இனத்து நாராகிய சிசலைக் கொண்டு நெய்து அனுப்பியது. அதன்மேல் நடந்தவர்களின் உடைகளைப் பற்றி இலட்சக்கணக்கான வாக்கியங்கள் எழுதப்பட, பாதங்களின் கீழே கிடந்த நெசவைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே.

உடை பற்றிய தீர்ப்பு பொறுப்பற்ற கைகளில் எதுவாக மாறும் என்பதை அறிய நாங்கள் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை. இன்ன ஜாதிப் பெண் இன்ன உடைதான் உடுத்தலாம் என்னும் அபிப்பிராயம், திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வழக்கமாகவும் சட்டமாகவும் நின்றது. நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் தோள்சீலை அணிந்ததற்காகச் சந்தைகளிலும் சாலைகளிலும் தாக்கப்பட்டார்கள். அவர்கள் அணிந்த துணி கிழித்தெறியப்பட்டது. 1829-ஆம் ஆண்டுப் பிரகடனம், குப்பாயம் என்னும் சட்டையை அனுமதித்தாலும் தோள்சீலையைத் தடுத்தது. பல்லாண்டுக் கலவரங்களுக்குப்பின், சென்னை கவர்னர் டிரவெல்யனின் வற்புறுத்தலால் உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26-ஆம் நாள் பிறப்பித்த பிரகடனம் நாடார் பெண்கள் மார்பை மறைக்க இடந்தந்தது. அப்போதும் உயர்ஜாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்று விலக்கு வைத்தது. ‘இவளுக்கு இது பொருந்தாது’ என்ற ஒரு வாக்கியம் அரசாணையாக முற்றியபோது எத்தனை பெண்கள் குருதி சிந்தினார்கள் என்பதை இம்மண்ணில் பிறந்தோர் மறக்கலாகாது. 2015-இல் கான் விழாவில் உயர்குதிச் செருப்பு அணியாத பெண்கள் சிலர் திருப்பி அனுப்பப்பட்டனர் என்ற செய்தி வெளியானபோது உலகம் கொதித்ததும் இதே காரணத்தால்தான்: ரசனை, அதிகாரத்தின் கோலைக் கையில் எடுத்துக்கொண்டது. இரண்டின் கொடுமையும் ஒரே அளவினதல்ல, ஆனால் வேர் ஒன்றே.

அப்படியானால் உடையை நியாயமாக மதிப்பிடும் முறைதான் யாது? அதற்கான பாடமும் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. நெய்யாற்றின்கரையைக் கடந்து திருவனந்தபுரம் சாலையில் சென்றால் பாலராமபுரம். பாலராம வர்மா மகாராஜாவின் காலத்தில் தென் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்கள் அங்கே வேரூன்றி, முண்டும் நேரியதும் கசவுச் சேலையும் நெய்தன. பாவு நூலை விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு நீட்டி, அரிசிக் கஞ்சி ஊட்டி, தூரிகையால் இழைகளை ஒதுக்கி, உலர்த்தி, பிறகு குழித்தறியில் கால்களைக் குழிக்குள் விட்டு அமர்ந்து, ஓடத்தை ஒரு கையால் எறிந்து மறு கையால் ஏற்று நெய்வது அவ்வூர் முறை. உள்ளென்றும் புறமென்றும் வேறுபாடு காணமுடியாதபடி இரு பக்கமும் ஒன்றுபோல அமைவது அத்துணியின் தனிச் சிறப்பு. 2009-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஓணத்துக்கு முன்னாலோ, கல்யாணப் புடவை எடுக்கும்போதோ, எங்கள் ஊர் மூதாட்டி ஒருத்தி அத்துணியைக் கையில் வாங்கினால் அவள் செய்வதைக் கவனியுங்கள். முந்தியின் ஜொலிப்பில் மயங்காமல், முதலில் கரையைப் புரட்டி உட்பக்கத்தைப் பார்ப்பாள். கசவு மறுபக்கத்திலும் அறுபடாமல் ஓடுகிறதா என்று விரலால் தடவுவாள். ஒரு மூலையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்துக் கசக்கி, கனமெல்லாம் கஞ்சியா, நூலா என்று சோதிப்பாள். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இழைநெருக்கம் சீராக இருக்கிறதா என்று நோக்குவாள். கடைசியில், ‘இது எந்தத் தறி?’ என்று கேட்பாள். உடுக்கப்போகிறவள் கறுப்பா சிவப்பா, ஒல்லியா பருமனா என்ற கேள்வி அந்தப் பரீட்சையில் எழுவதே இல்லை. பாரிஸ் மேடையிலிருந்து இறங்கிவரும் தொகுப்பையும் இதே முறையில் நோக்க முடியும்: உட்தையலும் ஓரமும் செவ்வையா, துணிக்கு ஏற்ற வெட்டா, உடுத்தியவர் நடக்கவும் அமரவும் அது இடங்கொடுக்கிறதா, எந்தக் கைகள் அதைச் செய்தன, அவர்களுக்கு உரிய கூலியும் பெயரும் கிடைத்தனவா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு அழகைப் பற்றிப் பேசலாம்.

ஆகவே என் முடிவு இதுதான். கவுன்களைப் பற்றியும் அணிவகுப்புகளைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லும் பழக்கம் ஒழிய வேண்டியதன்று. கோலாப்பூர்க் கைவினைஞருக்காகக் குரல் எழுப்பியதைப் போல அது இன்னும் பலமுறை எழ வேண்டும். ஆனால் அது துணியிலும் தையலிலும் தொழிலிலும் தன் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். உடுத்தியவரின் மேனியும் நிறமும் வயதும் குலமும் அந்த எல்லைக்கு அப்பாற்பட்டவை. கைப்பேசியில் அடுத்த கவுனைக் கண்டு கருத்துச் சொல்லத் துடிக்கும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே: தாராளமாகச் சொல்லுங்கள், கடுமையாகவும் சொல்லுங்கள், ஆனால் துணியைப் பற்றிச் சொல்லுங்கள், அதை நெய்தவரும் தைத்தவரும் யார் என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.