க்ளிக் இல்லாத கியர்

சைக்கிளில் கியர் மாற்றுவது என்றால் கம்பியை இழுத்து, செயினைப் பக்கத்துப் பல்சக்கரத்துக்குத் தள்ளுவது. அவ்வளவுதான். பழைய உரசல் லீவரில் எவ்வளவு இழுக்கணும் என்பதைக் கை முடிவு செய்யும், காது சரிபார்க்கும்.

1984-இல் ஷிமானோ தன் டியூரா-ஏஸ் வரிசையில் இன்டெக்ஸ் முறையைக் கொண்டுவந்தது. ஒரு க்ளிக், ஒரு கியர். புதுசா ஓட்டுபவருக்கு வசதிதான், மறுக்கவில்லை. ஆனா எவ்வளவு இழுப்பது என்கிற கணக்கு கையிலிருந்து லீவருக்குள் போய்விட்டது. 8 கியர் லீவரை 10 கியர் அடுக்கோடு மாட்டிப் பாருங்க. ஷிமானோவின் 8 அடுக்கில் ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு 4.8 மி.மீ., 10 அடுக்கில் 3.95. ரெண்டு மூணு க்ளிக்கிலேயே செயின் இடம் தவறிவிடும். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசத்துக்காக நல்லா இருக்கிற லீவரைக் கழற்றிப் போடணும். உரசல் லீவருக்கு இந்தச் சண்டையே இல்லை. கம்பி கொஞ்சம் தளர்ந்தால் விரல் ஒரு நூல் கூடுதலாக நகரும், ஓட்டுபவருக்கே தெரியாது.

ஆரம்பகால இன்டெக்ஸ் லீவர்களில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. பக்கத்தில் இருக்கும் சின்ன வளையத்தைத் திருப்பினால் உரசல் முறைக்கு மாறிக்கொள்ளலாம். நடுவழியில் டீரெயிலர் வளைந்துபோனாலும் வீடு வந்து சேரலாம். 1990-இல் பிரேக் பிடிக்குள்ளேயே கியரை வைத்தபோது அந்த வழியை அடைத்துவிட்டார்கள். என் புகார் க்ளிக் மேல் இல்லை, இதன் மேல்தான்.

அப்புறம் 2009-இல் பேட்டரி வந்தது, பிறகு கம்பியும் போனது. 2024-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், ஷிமானோவின் ஒயர்லெஸ் கியர் சிக்னலைப் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்பி, அடுத்தவர் சைக்கிளின் கியரை மாற்றிக் காட்டினார்கள். கம்பெனி மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. கியருக்கு மென்பொருள் திருத்தம்!

உரசல் லீவரைப் புகழ்பவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அமெரிக்காவின் ரிவெண்டெல் நிறுவனர் கிராண்ட் பீட்டர்சன் பல வருஷமாக இதற்காகப் பேசுகிறார். அவர் வாதம் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தது. அவரைப் பின்பற்றும் சிலர்தான் உடனே 'ஆன்மா', 'தியானம்' என்று ஆரம்பிச்சிடுறாங்க. அதெல்லாம் வேண்டாம். 12 சக்கரம் நெருக்கி அடுக்கிய இடத்தில் உரசல் லீவர் திணறும். ஃபிரேம் குழாயில் லீவர் இருந்தால், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது கியர் மாற்றுவது பெரும்பாடு. பந்தயக்காரர் க்ளிக்கையே வைத்துக்கொள்ளட்டும். 7, 8 சக்கரத்தோடு வேலைக்குப் போய் வருபவருக்கு எதுக்குங்க அது?