படத்தில் நிற்காத பரிசல்: ஆனெகுந்தித் துறையும் ஹம்பியின் பழைய புகைப்படங்களும்

ஹம்பியின் பழைய புகைப்படங்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் கல்லைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். கோயில், கோபுரம், தேர், மண்டபம் என்று பட்டியல் நீளும். அந்தக் கற்களுக்குப் பக்கத்திலேயே ஓடுகிற துங்கபத்திரையையும், அதைக் கடக்கிற துறையையும், அக்கரையில் இருக்கிற ஆனெகுந்தி என்ற ஊரையும் பற்றிப் பேச்சு எழுவது குறைவு. இந்தக் குறை தற்செயலானதல்ல என்பதும், அந்தப் படங்கள் நமக்குப் பழக்கிவிட்ட பார்வையில் இதற்கு ஒரு வேர் இருக்கிறது என்பதும், அதன் விலையைக் கொடுத்தவர்களில் துறையில் காத்து நிற்கிற ஜனங்களும் உண்டு என்பதும் என் கருத்து. அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். ஆற்றின் தென்கரையில் ஹம்பி, வடகரையில் ஆனெகுந்தி. விஜயநகரம் எழுவதற்கு முன்பே ஆனெகுந்தி இருந்தது. பெயருக்கு 'யானைப் பள்ளம்' என்று பொருள் சொல்வார்கள். 'ஆனெ' என்பது நம்முடைய 'ஆனை'யேதான். அதற்கு அகராதி வேண்டியதில்லை. 1800-ல் பெல்லாரிப் பகுதி கம்பெனியாரிடம் போனபிறகு தென்கரை சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. வடகரை நிஜாம் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1953-ல் பெல்லாரி மைசூருக்குப் போகும்வரை ஹம்பி சென்னையின் ஆளுகையில்தான் இருந்தது. ஆக, ஒன்றரை நூற்றாண்டுக் காலம் அந்தத் துறையில் பரிசல் ஏறியவன் ஒரு சர்க்காரில் ஏறி இன்னொரு சர்க்காரில் இறங்கினான். கரையிலே நிற்பவனுக்கு அது அக்கரை, அவ்வளவுதான். ஆனால் வரைபடத்தில் அது வேறு நாடு.

துறையின் வயதுக்குச் சாட்சி இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் காலத்தில், 1520-ஐ ஒட்டி, விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ் இந்த ஆற்றைக் கடக்கும் வட்டப் படகுகளை வர்ணித்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல். பதினைந்து இருபது பேர் ஏறலாம். அவசியமானால் குதிரையும் மாடும்கூட ஏறும். துடுப்புப் போடப் போட சுழன்றுகொண்டே போகும் என்கிறார். ஒக்கேனக்கல்லிலோ பவானிசாகரிலோ பரிசல் ஏறியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு? இன்று தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துவிட்டன. சுழற்சி மட்டும் மாறவில்லை. கன்னடத்தில் இதற்கு 'ஹரிகோலு' என்று பெயர். தமிழில் பகரமாக இருப்பது கன்னடத்தில் ஹகரமாகும். பால் ஹாலு ஆவதையும் பள்ளி ஹள்ளி ஆவதையும் அறிந்தவர்கள் பரிசலுக்கும் ஹரிகோலுக்கும் உள்ள உறவைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இனிப் படங்களுக்கு வருவோம். சென்னைப் பட்டாளத்து அதிகாரியான அலெக்சாண்டர் கிரீன்லா 1856-ஐ ஒட்டி ஹம்பியில் அறுபதுக்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். அவை மெழுகு பூசிய காகித நெகட்டிவ்கள், அளவிலும் பெரியவை. அதே பட்டாளத்தைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் 1858-ல் மதுரை, தஞ்சை, திருச்சி ஆகிய ஊர்களை இதே முறையில்தான் படமெடுத்தார். வைகையையும், அதைக் கடந்து மதுரைக்குப் போகும் பாதையையும்கூட எடுத்திருக்கிறார். டிரைப்புக்குச் சர்க்கார் ஆதரவு இருந்ததால் பெயர் நிலைத்தது. கிரீன்லாவின் நெகட்டிவ்களோ ஒரு நூற்றாண்டுக்கு மேல் மறைந்து கிடந்து 1980 வாக்கில் இங்கிலாந்தில் வெளிப்பட்டன. பின்னர் அவை டெல்லியைச் சார்ந்த அல்காஜி சேகரிப்பில் சேர்ந்தன. 2008-ல் ஜார்ஜ் மிச்சல் பதிப்பித்த புத்தகம் அவற்றைப் பரவலாக நம் கண்ணில் கொண்டுவந்தது.

இவற்றின் தரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. விட்டலர் கோயில் கல்தேரை எடுத்துக்கொள்ளுங்கள். கிரீன்லாவின் படத்தில் தேரின் தலையில் செங்கல் விமானம் இருக்கிறது. பிற்பாடு அது அகற்றப்பட்டது. 2017-ல் வந்த ஐம்பது ரூபாய் நோட்டில் நாம் பார்ப்பது மொட்டைத் தேர்தான். தேரின் பழைய முழு உருவத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டும் ஆவணம் அந்தக் காகிதம். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் மெழுகுக் காகிதத்துக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சத்தை அது மெதுவாகத்தான் வாங்கும். லென்ஸை நிமிஷக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் அசையாமல் நிற்பதுதான் படத்தில் பதியும். கல் நிற்கும். மண்டபத்து நிழலில் உட்காரச் சொன்ன ஆளும் நிற்பான். ஓடுகிற தண்ணீர் வழவழப்பான வெண்மையாகிவிடும். நடந்து போகிறவன் மறைந்தே போவான். சுழன்றுகொண்டு போகிற பரிசலுக்கு அந்தக் காகிதத்தில் ஏது இடம்? நகர்வதெல்லாம் விழுந்துவிட, நிற்பது மட்டும் மிஞ்சியது. கிரீன்லா வேண்டுமென்றே ஜனங்களை ஒதுக்கினார் என்று நான் சொல்லவில்லை. கருவியின் இயலாமை அது. அந்த இயலாமையே நாளடைவில் ஓர் அழகியலாகிவிட்டது என்பதுதான் என் வாதம். ஆளரவமற்ற பாறை, ஆளரவமற்ற மண்டபம், பேச்சில்லாத ஆறு: 'அசல் ஹம்பி' என்றாலே இப்படித்தான் என்று கண் பழகிவிட்டது.

1983-ல் ஆஸ்திரேலியப் புகைப்படக்காரர் ஜான் கோலிங்ஸ், கிரீன்லா நின்ற இடங்களைத் தேடிப் போய் அதே கோணத்தில் மறுபடி படமெடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஒரு பாடம். எந்தத் தூண் சாய்ந்தது, எந்தச் சுதை உதிர்ந்தது, எங்கே மரம் முளைத்தது என்று விரல் வைத்துச் சொல்லலாம். ஆனால் இந்த ஒப்பீட்டு முறையின் எல்லையும் இங்கேயே தெரிகிறது. முதல் படத்தில் பதிந்ததைத்தான் இரண்டாவது படம் தேட முடியும். 1856-ன் காகிதத்தில் விழாத துறையை 1983-ன் கேமரா எதோடு ஒப்பிடும்? நூற்று இருபத்தேழு வருஷத்துக் கல்லின் கணக்குத் துல்லியமாகக் கிடைக்கிறது. அதே வருஷங்களில் ஆற்றைக் கடந்த மனுஷர்களின் கணக்கு அங்கே இல்லை.

வேகமான பிலிம் வந்தபிறகு பரிசல் படத்துக்குள் ஏறியது உண்மைதான். காலண்டரிலும் சுற்றுலாக் கையேட்டிலும் பார்க்கிறோமே, பச்சைத் தண்ணீர், உருண்டைப் பாறை, நடுவில் ஒரு வட்டக் கூடை! அதுவும் அழகுதான். ஆனால் அந்தக் கூடை எந்தக் கரைக்குப் போகிறது, ஏன் போகிறது என்று படம் சொல்வதில்லை. மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு, பால்கேனைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பையோடு நெருக்கியடித்துக் கடந்த துறை அது. 1953-ல் முடிந்த துங்கபத்திரா அணை மேலே இருக்கிறது. அணை நிரம்பி மதகைத் திறந்தால் பரிசல் போகாது. அப்புறம் ஹோஸ்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவன் ஊரைச் சுற்றித்தான் வர வேண்டும். கிரீன்லாவின் படத்தில் துறையே இல்லை; காலண்டர் படத்தில் துறை இருந்தும் அதன் தேவை இல்லை.

இது வெறும் ரசனைச் சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். 1986-ல் ஹம்பி உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஆனெகுந்திக்கு ஒரு பாலமும், விருபாபுர கட்டேவுக்கு ஒரு நடைபாலமும் கட்டும் வேலை நடந்ததால் 1999-ல் அது 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலில் வைக்கப்பட்டது. 2006-ல்தான் அதிலிருந்து விடுபட்டது. இடையில் நின்றுபோய்ப் பிறகு தொடர்ந்த ஆனெகுந்திப் பாலம் 2009 ஜனவரியில், கட்டிக்கொண்டிருக்கும்போதே இடிந்து விழுந்தது. வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பின்னர் சற்றுக் கீழே, புக்கசாகரத்துக்கும் கடேபாகிலுக்கும் இடையே வேறொரு பாலம் வந்தது.

பாலத்தை எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நடைபால வேலைக்காக ஒரு பழைய மண்டபத்தையே பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். பெரிய பாலம் வந்திருந்தால் கனரக லாரிகள் இடிபாடுகளுக்கு நடுவே ஓடியிருக்கும். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'காட்சி கெட்டுவிடும்' என்ற வாதம் அந்தச் சர்ச்சையில் திரும்பத் திரும்பக் கேட்டது. எந்தக் காட்சி? யாருமே கடக்காத ஆற்றின் காட்சிதானே? ஆனெகுந்தித் துறைக்குக் கொஞ்சம் தள்ளி, விஜயநகர காலத்துக் கற்பாலத்தின் தூண்கள் ஆற்றுக்குள் வரிசையாக இன்னும் நிற்கின்றன. ராயர் காலத்திலேயே இங்கே பாலத்தின் தேவையை உணர்ந்திருக்கிறார்கள். உடைந்த பாலத்தைப் பாரம்பரியம் என்று படமெடுக்கிற நாம், கடக்க விரும்புகிற ஊர்க்காரனை இடைஞ்சல் என்று எண்ணினால், கோளாறு நம் பார்வையில்தான். பாலம் வேண்டுமா, எங்கே வேண்டும் என்பதைப் பொறியாளர்களும் தொல்லியல்காரர்களும் தீர்மானிக்கட்டும். அந்தப் பேச்சில் வடகரைக்காரனுக்கும் ஒரு வாக்கு உண்டு என்பதைப் படங்கள் மறைத்துவிடக் கூடாது.

ஆகவே பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் கேட்கப் பழக வேண்டும். இந்தப் படம் எடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது? அந்த நேரத்தில் எது நகர்ந்து போயிருக்கும்? இது நம் சங்க மலர்களுக்கும் பொருந்தும். பிறந்த ஊரின் ஆற்றங்கரைப் படத்தை நாம் ஆசையாக அச்சிடுகிறோம். அடியில் 'அந்த நாள் துறை' என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறோம். துறையின் பேர் என்ன, பரிசலுக்கு என்ன கூலி வாங்கினார்கள், வெள்ளம் வந்தால் எத்தனை நாள் காத்திருந்தார்கள், பாலம் எந்த வருஷம் வந்தது, அதற்குப் பிறகு பரிசல்காரர் குடும்பம் என்ன தொழிலுக்குப் போயிற்று? இவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு நாலு வரி எழுதிப் படத்தின் அடியில் போடுங்கள். கிரீன்லாவின் காகிதத்தில் பதியாமல் போனவற்றில் கொஞ்சமாவது அந்த நாலு வரியில் தங்கும்.