மேடைக்கு வராத எழுத்து

1970 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வாஷிங்டன் போகும் விமானத்தில் உட்கார்ந்தபடி, எல்விஸ் பிரெஸ்லி அதிபர் நிக்சனுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பயணிகளுக்குக் கொடுக்கும் தாளில் ஆறு பக்கம். வரிகள் சாய்ந்து ஓடுகின்றன; நடுநடுவே அடித்தல், திருத்தல். போதைப்பொருள் ஒழிப்பில் உதவத் தயார், அதற்கு அரசு அதிகாரியாக ஓர் அங்கீகாரம் வேண்டும் என்று கேட்கிறார். ஓட்டலில் ஜான் பரோஸ் என்ற புனைபெயரில் தங்குவதையும் சொல்லிவிடுகிறார். டிசம்பர் 21 காலையில் வெள்ளை மாளிகை வாசலில் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அன்றைக்கே நிக்சனைப் பார்த்தார், பேட்ஜும் கிடைத்தது.

ராக் இசைக் கடிதங்களின் ருசி இதுதான். ஊரே கொண்டாடும் பாடகர், தாளில் யாரோ ஒருவர் முன்னால் சாதாரண மனிதராக நிற்கிறார்.

புகழுக்கு முந்திய கடிதங்கள் இன்னும் சுவையானவை. 1962இல் கீத் ரிச்சர்ட்ஸ் தன் அத்தைக்கு எழுதியது அப்படிப்பட்டது. கையில் சக் பெர்ரி இசைத்தட்டோடு டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் நின்றபோது, ஆரம்பப் பள்ளியில் பழகிய மிக் ஜாகர் எதிரே வந்ததை விவரிக்கிறார். ரோலிங் ஸ்டோன்ஸ் என்று ஒரு குழு அப்போது கிடையாது. அத்தைக்கு எழுதிய ஊர்க்கதை, பிறகு வரலாறாகிவிட்டது.

பள்ளிக் காதலிக்கு பாப் டிலன் எழுதிய 42 கடிதங்கள் 2022இல் ஏலத்துக்கு வந்தன. போர்ச்சுகலின் லெல்லோ புத்தகக் கடை 6 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கும் மேல் கொடுத்து மொத்தத் தொகுப்பையும் வாங்கியது. பெயரை மாற்றிக்கொள்ளும் ஆசையை அந்தப் பையன் அவற்றில் எழுதியிருக்கிறான்.

பணம் புழங்கும் இடத்தில் போலியும் புழங்கும். பீட்டில்ஸ் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களில் அவர்களுடைய உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் உண்டு. அதனால் அனுபவசாலிகள் கையெழுத்தோடு நிற்பதில்லை. பேனா ஓடிய வேகம், தாளின் வயது, மடிப்பு, உறையின் தபால் முத்திரை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பார்த்துப் பார்த்து எழுதும் கை தயங்கும்; அந்தத் தயக்கம் மையில் தெரிந்துவிடும்.

சேகரிப்பவர்களால் நடந்த நல்லதும் உண்டு. பணம் வந்தால் பாட்டு கெட்டுவிடும் என்று ஸ்டீவ் டில்ஸ்டன் என்ற இளம் பாடகர் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். அதைப் படித்த ஜான் லெனான் 1971இல், பணம் அப்படியெல்லாம் ஆளை மாற்றிவிடாது என்று எழுதி, வீட்டுத் தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். பத்திரிகை முகவரிக்குப் போன கடிதம் டில்ஸ்டன் கைக்கு வரவேயில்லை. 2005இல் ஒரு சேகரிப்பாளர், இது அசல்தானா என்று கேட்டபோதுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது.

வாங்கத்தான் பணம் வேண்டும்; ரசிக்கப் பணம் தேவையில்லை. எல்விஸ் கடிதம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இணையத்திலேயே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். அச்சுப் பிரதியை விட்டுவிட்டு, அவர் கையெழுத்திலேயே படியுங்கள்.