விரல்நுனியும் விலைப்பட்டியலும்

எலெக்ட்ரிக் கிதார் பற்றிய பேச்சு பெரும்பாலும் பொருள்களின் பட்டியலாகவே தொடங்கி, அப்படியே முடிந்தும் போகிறது. எந்தக் கிதார், எந்த பிக்கப், எந்த ஆம்ப்ளிபயர், எத்தனை பெடல்? சரியான பொருள் கைக்கு வந்தால் தொனி வரும், தொனி வந்தால் பாட்டும் தானாக வரும் என்கிற நம்பிக்கை இந்தச் சொல்லாடலின் அடியில் கிடக்கிறது. வாங்குபவருக்குப் பணம் இருக்கிறது, விரல்களும் முழுசாக இருக்கின்றன என்பதை அது கேட்காமலே தீர்மானித்துக்கொள்கிறது. இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்து ஒரு தொனி உருவாகியிருக்கிறது.

டோனி ஐயோமி 1948இல் பர்மிங்காமில் பிறந்தவர். பதினேழு வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை. வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், பழக்கமில்லாத எந்திரத்தில் நிறுத்தப்பட்டார். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியையும் எந்திரம் எடுத்துக்கொண்டது. இடது கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்துகிற கை அதுதான். தீக்காயத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஆலை மேஸ்திரி கேட்கவைத்தார். ஐயோமி மறுபடி கிதாரைத் தொட்டார்.

அப்புறம் நடந்ததுதான் நமக்கு முக்கியம். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். உறைக்குத் தொடுவுணர்வு கிடையாது. கனத்த தந்தியை அதனால் வளைக்க முடியாது. மெல்லிய கிதார் தந்தி கிடைக்காததால் பாஞ்சோ தந்திகளைப் போட்டார். பல சுரங்களை ஒரே பிடியில் அழுத்துவது சிரமம் என்பதால், இரண்டு மூன்று சுரங்களையே தடிமனாக ஒலிக்கவைக்க வேண்டியிருந்தது. ஆம்ப்ளிபயர் திணறத்திணற ஓடியது. பிளாக் சாபத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' (1971) தொகுப்பில் சில பாடல்களுக்குச் சுருதியை மூன்று அரைச்சுரங்கள் இறக்கினார். கீஸர் பட்லரின் பேஸ் கிதாரும் கூடவே இறங்கியது. தந்தி தளர்ந்தது, ஒலி கனத்தது. அவருடைய அடையாளமாகிப்போன கிப்சன் எஸ்.ஜி.கூட விருப்பத் தேர்வாக வரவில்லை. 1969இல் முதல் தொகுப்பின் ஒலிப்பதிவில் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பிக்கப் பழுதானதும், கூட இருந்ததை எடுத்தார். அவ்வளவுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. விபத்துதான் மேதையைப் பெற்றது என்று பேசத் தொடங்கினால் தொழிற்சாலைக்கு நன்றி சொல்லவேண்டி வரும். எந்திரங்களுக்கு விரலைக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பாட்டா மிஞ்சியது? காயம் இசையைத் தரவில்லை; தன் கைக்கேற்பக் கருவியைத் திருத்திய உழைப்பு தந்தது. நிறுவனம் வரையறுத்த 'சரியான' கிதாரை அந்தக் கை ஏற்கவில்லை என்பதே இதிலுள்ள அரசியல்.

கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் ஒரு மலிவான சிறிய ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறினார். பொறியாளரின் மொழியில் அது பழுது. கேட்டவர்களுக்கோ அது ஒரு குரல். சந்தை என்ன செய்கிறது? பழுதின் ஒலியைப் பெட்டியில் அடைத்து, அதற்கு உத்தரவாதமும் எழுதித் தருகிறது. ஐயோமியின் பெயரிலேயே கிப்சன் பிக்கப் விற்றது. உடலைக் கழித்துவிட்டு ஒலியை மட்டும் விற்கிற கணக்கு இது.

பொருள்களே வேண்டாம் என்பதல்ல என் வாதம். மெல்லிய தந்திக்கும் தடித்த தந்திக்கும் உள்ள வேறுபாடு மெய்யானது. ஒரு ஆம்ப்ளிபயர் திணறும் விதம் இன்னொன்றுக்கு வராது. கேள்விகளின் வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. பாட்டுக் கட்டுகிறவர் முதலில் கேட்க வேண்டியது: இந்தப் பாட்டு எவ்வளவு கனம் கேட்கிறது? என் கை எதைச் செய்ய மறுக்கிறது? அந்த மறுப்புக்கு எந்தத் தந்தி, எந்தச் சுருதி இடம் கொடுக்கும்? இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு, கைவசமுள்ள ஒரு கிதாரும் சின்ன ஆம்ப்ளிபயருமே வெகுதூரம் கொண்டுபோகும்.

கவிதையில் தொனி என்று நாம் சொல்வதும் சொல்லுக்குள் சரக்காக இருப்பதல்ல. சொல்கிறவர் எங்கே நின்று சொல்கிறார் என்பதில் பிறப்பது. கிதாருக்கும் அதுவேதான். விலைப்பட்டியலைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.