செயலிக்கு ஓர் ஒலியளவு: வசதியும் குறையும்

கணினியில் ஒலிக்கும் ஒவ்வொரு செயலியின் சத்தத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி, 2007இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவால் பரவலானது. முந்தைய எக்ஸ்பியின் வால்யூம் பெட்டியிலும் பல ஸ்லைடர்கள் இருந்தன. ஆனால் அவை வேவ், சிடி, லைன் இன், மைக் என்று சவுண்டு கார்டின் வழிகளைப் பிரித்தனவே தவிர, செயலிகளைப் பிரிக்கவில்லை. பாட்டு, விளையாட்டு, மின்னஞ்சல் மணி எல்லாம் வேவ் என்ற ஒரே வழியில் கலந்து வந்தன. ஒன்றைக் குறைத்தால் எல்லாமே குறைந்தன. விஸ்டாவுக்காக ஒலி அமைப்பைப் புதிதாக எழுதிய மைக்ரோசாஃப்ட், செயலிக்கு ஓர் அளவு, எல்லாவற்றுக்கும் மேலே முதன்மை அளவு என்று இரண்டு அடுக்கு வைத்தது. செயலியின் அளவு முதன்மை அளவுக்குள் ஒரு பங்கு மட்டுமே. அதைத் தாண்ட முடியாது.

இந்த ஏற்பாட்டின் அருமை, திரைவாசிப்பான் துணையோடு கணினியை இயக்கும் பார்வையற்றோரிடம் தெளிவாகத் தெரியும். அவர்களுக்குக் குரல்தான் திரை. வலைப்பக்கம் ஒன்று திறந்ததும் விளம்பரக் காணொளி உரத்துப் பாடத் தொடங்கினால், எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று சொல்லும் குரல் அதில் மூழ்கிவிடும். முதன்மை அளவைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே தேய்கின்றன; நிறுத்தும் பொத்தானைத் தேடவும் வழியில்லை. உலாவியை மட்டும் தாழ்த்த முடிந்தால் குரல் மேலே நிற்கிறது. இந்த ஒரு பயனுக்காகவே இவ்வசதி எல்லாக் கணினிகளிலும் இருந்தாக வேண்டும். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் தாம் பேசும்போது மற்ற ஒலிகளைத் தாமே தணிக்கும் அமைப்பையும் தருகின்றன. விண்டோஸ் 7 இதே எண்ணத்தை அழைப்புகளுக்குக் கொண்டுவந்தது: பேச்சு தொடங்கியதும் பிற செயலிகளின் ஒலி 80 சதவீதம் குறையும். இது கேட்காமலே இயங்குவது என்பதால், பாட்டு ஏன் திடீரென்று அடங்கியது என்று பலர் குழம்புவதும் உண்டு.

பெரிய குறை நினைவில் இருக்கிறது. விண்டோஸ் ஒரு செயலிக்கு வைத்த அளவை, அதை மூடிய பிறகும் மறப்பதில்லை. இரவில் காணொளி பார்ப்பவர் உலாவியை 15க்கு இறக்கிவிட்டுத் தூங்கப் போகிறார். காலையில் அதே உலாவியில் இணைய வகுப்பு. ஆசிரியர் குரல் கேட்கவில்லை. கைக்கு எட்டுவது முதன்மை ஸ்லைடர்தான், அதை நூறுக்கு ஏற்றுகிறார். குரல் ஓரளவு தெளிகிறது. அடுத்த நிமிடம் வரும் மின்னஞ்சல் மணி ஹெட்போனில் அறைகிறது. கோளாறு எதுவும் இல்லை. பழைய முடிவு ஒன்று கண்ணுக்குப் படாத இடத்தில் உயிரோடு இருக்கிறது, அவ்வளவே. அந்த ஸ்லைடரும் செயலி ஒலியைத் திறந்திருக்கும்போதுதான் மிக்சர் என்ற பட்டியலில் தோன்றும். விண்டோஸ் 11இல் மிக்சரைத் திறக்க விசைக் குறுக்குவழி வந்துவிட்டது. ஆனாலும், இந்தச் செயலி குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு, கேட்பவருக்குத் தேவைப்படும் நேரத்தில் வருவதில்லை.

செயலி அளவு, முதன்மை அளவு என்று இரண்டு இடத்தில் நடக்கும் இந்த இரட்டைக் குறைப்பைத் தவிர்க்க, லினக்ஸின் ஒலி அமைப்பான பல்ஸ்ஆடியோ வேறு வழி பார்த்தது. முதன்மை அளவு, ஒலிக்கும் செயலிகளில் மிக உயர்ந்ததன் அளவோடு ஒட்டியே நகரும். கேட்க நேர்த்தியான யோசனை. ஆனால் ஏதாவது ஒரு செயலி தன் அளவைத் தானே நூறாக்கிக்கொண்டால், கணினியின் அளவும் கூடவே உச்சிக்குப் போய்விடும். ஹெட்போன் அணிந்தவரின் செவிக்கு இது உண்மையான ஆபத்து. உபுண்டு இம்முறையை அணைத்தே வெளியிட்டது, சரியான முடிவு. மேக் கணினிகளோ நெடுங்காலம் செயலிக்கு ஓர் அளவு என்ற வசதியையே தரவில்லை. வேண்டியவர்கள் வெளியார் மென்பொருளை நாடினார்கள். மறைந்த அளவுகளால் வரும் குழப்பம் அங்கே இல்லை என்பது மெய். அதற்காகத் திரைவாசிப்பான் பயனர் கொடுக்கும் விலை மிக அதிகம்.

இன்னொரு சிக்கல் பின்னால் வந்தது. விஸ்டா காலத்தில் பாட்டுக்கு ஒரு செயலி, அழைப்புக்கு ஒரு செயலி என்று இருந்தது. இன்று வகுப்பு, பாட்டு, செய்தி எல்லாம் ஒரே உலாவியின் வெவ்வேறு தாவல்களில் நடக்கின்றன. மிக்சரில் அவை ஒரே ஸ்லைடர். குரோம் ஒரு தளத்தை மியூட் செய்ய விடுகிறது, பாதியாகக் குறைக்க நீட்சி ஒன்றை நிறுவ வேண்டும். எக்ஸ்பியின் வேவ் ஸ்லைடரில் இருந்த அதே நெரிசல் உலாவிக்குள் திரும்பியிருக்கிறது.

ஒரே செயலிக்குள் ஒரு காணொளி முணுமுணுக்க, அடுத்தது கத்தினால் நிலையான ஸ்லைடர் உதவாது. ஒலிபரப்புத் துறை இதற்கு உரப்பை அளந்து சமன்செய்யும் முறையை வகுத்தது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 பரிந்துரை 2010இல் வந்தது. விண்டோஸிலும் உரப்பைச் சமன்செய்யும் தேர்வு உண்டு. ஆனால் அது ஒலிபெருக்கி அல்லது ஹெட்போன் முழுவதற்கும் பொருந்துவது, செயலிவாரியாகப் பிரியாது. உரைக் காணொளிகளுக்காக அதை இயக்குபவர், தாம் கேட்கும் இசையின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தே இழக்கிறார்.