வணிகர் சுவரும் ஓவியன் கையும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. உடல்நலம் பேணுதற்கான அறிவுரையாகவே இதனை எடுத்தாளுகின்றோம். ஆயின், அச்சொற்களை நேர்ப்பொருளிலேயே கொள்ளுமிடத்து வேறொரு வினா எழுகின்றது. சுவர் யாருடையது? கூலி கொடுப்பவர் ஒருவர். கோலெடுத்து வரைபவர் மற்றொருவர். நாள்தோறும் பார்ப்பவர் பிறர். இவருள் யார் பொருட்டுச் சித்திரம் எழுதப்படுகின்றது?

என்னிடம் கல்வி பயின்ற இளைஞர் ஒருவர், புதிதாகத் திறக்கப்படவிருந்த உணவுச்சாலையொன்றின் சுவரில் ஓவியம் வரைய ஒப்புக்கொண்டபின், எதனை வரைவது என்று என்னை வினாவினார். கடைக்காரர், "கண்ணுக்குக் குளிர்ச்சியாய் ஏதாவது" என்று மாத்திரமே சொல்லியிருந்தாராம். அன்று நான் தக்க விடை கூறினேனல்லேன். மெக்சிக்கோ ஓவியர் டியேகோ றிவேறாவின் சுவரோவியம் ஒன்றன் படங்களைப் பின்னர் கூர்ந்து நோக்கியபோதே அவ்விடை ஓரளவு புலனாயிற்று. நேரிற் கண்டேனல்லேன், நூல்களிற் கண்டவற்றைக்கொண்டே எழுதுகின்றேன்.

மெக்சிக்கோ நகரில் அலமேதா என்னும் பழம் பூங்காவுக்கு எதிரே தெல் பிராதோ என்னும் பெருவிடுதி எழுந்தது. அதன் உணவுக்கூடத்துக்கென 1947ஆம் ஆண்டிலே றிவேறா வரைந்ததே 'அலமேதாவில் ஒரு ஞாயிறு மாலைக் கனவு' என்னும் ஓவியம். ஏறத்தாழ 15 மீற்றர் நீளமும் 4 மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் உடையது. சுண்ணச்சாந்து ஈரம் புலராமுன் நிறந்தீட்டும் முறையில் அமைந்தது. அம்முறையிலே பிழை திருத்தல் எளிதன்று. காய்ந்தபின் திருத்தவேண்டின் சாந்தையே கொத்தியெடுத்தல் வேண்டும்.

விடுதிக்காரர் சுவருக்கு எதனை வரைவது? றிவேறா வெகுதூரம் செல்லவில்லை. விடுதியின் வாயிலுக்கு எதிரே கிடந்த பூங்காவையே உள்ளே கொணர்ந்தார். மெக்சிக்கோவின் நானூறாண்டு வரலாற்று மாந்தர் பலர் அப்பூங்காவில் ஒரே மாலைப்பொழுதில் ஒருங்கு கூடியதாகக் கற்பித்தார். குருதி தோய்ந்த கையினனாய்க் கோர்த்தெஸ் நிற்கின்றான். துறவி நங்கையும் புலவருமாகிய சோர் குவானா, அரசியலமைப்பை ஏந்திய குவாரெஸ், பதக்கங்கள் அணிந்த முதிய தியாஸ் ஆகியோர் காணப்படுகின்றனர். நடுவே தவளையைச் சட்டைப்பையிற் செருகிய சிறுவனாக ஓவியர் தாமே நிற்கின்றார். அவர் பின்னே மனைவி பிரீடா காலோ.

திருப்பரங்குன்றத்துச் சித்திரங்களைக் கண்டோர் 'இவர் யார், அவர் யார்' என வினாவுவதும், அறிந்தோர் இரதி, காமன், இந்திரன், அகலிகை எனச் சுட்டி விடைகூறுவதும் பரிபாடலின் பத்தொன்பதாம் பாட்டிலே வருகின்றன. நம் மாணவர் அதனை நினைவுகூர்வராக. மக்கள் கூடுமிடத்துச் சித்திரம் பேச்சை எழுப்பவேண்டும். தெல் பிராதோச் சுவர் அத்தகையது. எனினும் இடப்பக்கத்து நெருக்கம் எனக்கு உவப்பன்று. தலைக்குப்பின் தலையாக அடுக்கப்பட்டு, அப்பகுதி பாடப்புத்தகத்தின் பக்கம்போலாகிவிட்டது. சரித்திரம் கற்பித்து உண்பவனாகிய எனக்கே அலுப்புத் தட்டுகின்றதென்றால் பிறர்க்கு எவ்வாறிருக்கும்!

ஓவியத்தின் உயிர் நடுவிலேயே உள்ளது. சிறுவனின் கையைப் பற்றி நிற்பவள் ஓர் எலும்புக்கூட்டு நங்கை. பேரிறகுத் தொப்பியணிந்த கத்திரினா என்னும் இவளை முதலிற் படைத்தவர் பொசாதா என்னும் செதுக்கோவியர். தம் குலத்தை மறைத்து ஐரோப்பியர்போல் ஒப்பனை செய்தோரை எள்ளுதற்கு அவர் வரைந்தது தலையும் தொப்பியுமே. முழுவுடலும் ஆடையும் தந்து, பண்டைத் தெய்வமாகிய இறகுப்பாம்பைத் தோளில் அணிவித்தவர் றிவேறா. பொசாதாவையும் அவள் மறுகையைப் பற்றியவராக அருகே நிறுத்தினார். சற்றுத் தள்ளி, பழங்குடிக் குடும்பமொன்றைக் காவலன் பூங்காவினின்றும் விரட்டுகின்றான். விலையுயர்ந்த உணவை உண்போர் தலைநிமிர்ந்தால் இவற்றையே காணல்வேண்டும்.

ஆனால், எழுந்த எதிர்ப்போ இவற்றுக்கன்று. இஞ்ஞாசியோ இறாமிரெஸ் என்னும் அறிஞர் கையிலிருந்த தாளில் 'கடவுள் இல்லை' என்னும் பொருளுடைய சொற்கள் எழுதப்பட்டிருந்தன. 1836இல் அவர் ஆற்றிய உரையைக் குறிப்பன அவை. 1948இல் பேராயர் விடுதியை ஆசீர்வதிக்க மறுத்தார். இளைஞர் சிலர் உட்புகுந்து அச்சொற்களைச் சுரண்டியழித்தனர். றிவேறா மீண்டும் எழுதினார். விடுதியார் ஓவியத்தையே மறைத்துவிட்டனர். 1956இல் ஓவியர் தாமே சாரமேறி அச்சொற்களை நீக்கி, அவ்வுரை நிகழ்ந்த கழகத்தின் பெயரையும் ஆண்டையும் பொறித்தபின்னரே திரை விலகிற்று. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

பணிந்துவிட்டார் என்பாருளர். 1933இல் நியூயோர்க் றொக்பெல்லர் நிலையச் சுவரில் லெனின் முகத்தை நீக்க இவரே மறுத்தார். கூலி முழுவதையும் கொடுத்து அவரை அனுப்பிவிட்டனர். 1934இல் ஓவியம் தகர்க்கப்பட்டது. அன்று மறுத்தவர் பின்னர் இணங்கியதேன்? முதுமை என்றல் எளிது. நான் அவ்வாறு கொள்ளேன். லெனின் அங்கே தொழிலாளர் கைகளை இணைத்து நிற்கும் உருவம். அதனை நீக்கின் அப்பகுதியின் அமைப்பே சிதையும். இங்கு நீங்கியதோ ஓர் எழுத்துச் சீட்டு. அச்சொற்கள் சைவனாகிய எனக்கும் உவப்பானவையல்ல. ஆயினும் திறனாய்விலே அது பேச்சன்று. அவை ஓவியத்தால் உணர்த்தப்படாது எழுத்தால் அறிவிக்கப்பட்டவை என்பதே என் குறை. கத்திரினாவின் சிரிப்பை ஒருவரும் சுரண்டினாரல்லர். ஓவியத்தின் கூர்மையெல்லாம் அங்கேயே இருந்தது. அதனை உண்போர் உணவோடு விழுங்கிவிட்டனர்.

இதற்கு மறுதலையாக ஒன்று. அதே நியூயோர்க்கில் சீக்கிராம் கட்டடத்து உணவகத்துக்கென 1958இல் மார்க் றொத்கோ என்பார் ஓவியங்கள் வரைய உடன்பட்டார். உண்போரின் பசியைக் கெடுப்பதே தம் நோக்கம் என அவர் கூறியதாக நண்பர் ஒருவர் பின்னர் எழுதினார். கருஞ்சிவப்பிலும் கறுப்பிலும் பல படாங்கள் தீட்டியபின், அவ்வுணவகத்தில் ஒருமுறை உண்டுபார்த்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவற்றுட் சில இலண்டன் தேற் கலைக்கூடத்தில் உள்ளன. அவர் செயலை நான் மதிக்கின்றேன். எனினும், உண்போரை விட்டு அகன்றவர் அவர். அவர்தம் தலைக்குமேல் எலும்புக்கூட்டை நிறுத்தியவர் றிவேறா. சுவரோவியனுக்கு வேண்டிய துணிவு பின்னதே என்பது என் துணிபு.

1985 செப்ரெம்பர் 19ஆந் தேதி நிலநடுக்கத்தில் விடுதி பாழாயிற்று, ஓவியம் பிழைத்தது. அதனைப் பெயர்த்தெடுத்துப் பூங்காவின் அருகே அதற்கெனவே அமைத்த அருங்காட்சியகத்தை 1988இல் திறந்தனர்.

இவற்றையெல்லாம் நான் தேடிக் கற்றுமுடிக்குமுன் என் மாணவர் அவ்வுணவுச்சாலைச் சுவரில் நீர்வீழ்ச்சியொன்றை வரைந்து கூலியும் பெற்றுவிட்டார். அக்கடை வாயிலில் நின்று நோக்கின், பேருந்துத் தரிப்பிடமும், கச்சான் வறுத்து விற்கும் கிழவியும், அவளைச் சுற்றி நிற்கும் பள்ளிப் பிள்ளைகளும் தென்படுவர். யாழ்ப்பாணத்திலோ நீர்வீழ்ச்சி ஒன்றேனும் இல்லை.